அம்பாசடருக்குக் கண் ஆபரேஷன்!

வேலூரிலிருந்து ஆம்பூர் 50 கிலோமீட்டர் சொச்சம். பள்ளிகொண்டா டோல்கேட்டில் பர்ஸ் இளைக்கும். மாதனூர் தாண்டினால் மூக்கு மூடும். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டால் வாய் தானாகத் திறக்கும்... பிரியாணிக்கு!

இது பகல் பயணம். ராத்திரியில் போகிறவர்களுக்கு இன்னொரு சங்கதி தெரியும். சாயங்காலம் ஷிஃப்ட் விட்டதும் ஷூ கம்பெனி வாசல்களிலிருந்து பெண்கள் டிபன் பாக்ஸோடு கும்பல் கும்பலாக வெளியே வருவார்கள். சிலருக்குக் கம்பெனி பஸ். சிலருக்கு ஷேர் ஆட்டோ. மிச்சப் பேருக்கு நடராஜா சர்வீஸ். நாலு வழிச் சாலையிலாவது நடுவில் செடி வைத்து எதிர் வெளிச்சத்தை ஓரளவு மறைத்திருக்கிறார்கள். சர்வீஸ் ரோட்டிலும், பேர்ணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் போகிற ரோட்டிலும் அந்தக் கொடுப்பினை கிடையாது. எதிரே வருகிற வண்டியின் வெளிச்சம் நேரே மூஞ்சியில்தான்.

இந்த ஊர்ப் பக்கம் ஒரு கிழட்டுக் காருக்கு விளக்கு சரி செய்யப் போன கதையைத்தான் சொல்லப்போகிறேன். கார் இல்லாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். எழுதுகிறவனிடமே கிடையாது!

கார் என் பெரியப்பாவுடையது. 1988 மாடல் அம்பாசடர். அவர் அரசாங்க டிரைவராக இருந்தபோது பெரிய அதிகாரி ஒருவருக்காக ஓட்டிய அதே வண்டி. ஏலத்துக்கு வந்ததும், 'வேற எவன் கையிலயாவது போய் அடிபடப் போவுது' என்று பதறி, பி.எஃப். பணத்தில் எடுத்துவிட்டார். ஏலத்தில் விடுவதற்கு முன்னால் கூரை மேல் இருந்த சுழல் விளக்கைக் கழற்றிக்கொண்டார்கள். விளக்கு போய்விட்டது, அதற்காகப் போட்ட ஓட்டை போகவில்லை. அதன் மேல் பெரியப்பா ஒட்டிய எம்-சீல் வருஷா வருஷம் மழைக்கு விரிசல் விட, வருஷா வருஷம் புது எம்-சீல். (நாட்டில் அந்த வி.ஐ.பி. சுழல் விளக்குகளையே 2017 மே 1 முதல் ஒழித்துவிட்டார்கள். எத்தனை அம்பாசடர் கூரையில் எத்தனை ஓட்டையோ!)

பெரியப்பாவுக்கு வேலூர் ஷெல் ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணிலும் புரை எடுத்து லென்ஸ் வைத்தாயிற்று. பகலில் கழுகுப் பார்வை. ராத்திரி மட்டும் ஒரு தொல்லை. எதிர் வண்டியின் வெளிச்சம் ஒரு தடவை கண்ணில் அடித்தால், பழையபடி ரோடு தெரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. வயது ஏற ஏற எல்லோருக்கும் இது உண்டு. அதற்குள் வண்டி நூறடி ஓடிவிடும். அந்த நூறடியில் யார் நடந்துகொண்டிருக்கிறார்களோ?

போதாக்குறைக்கு அவர் கார் விளக்கு! கர்ப்பக்கிருகத்து அகல் விளக்குக்குச் சக்கரம் கட்டிவிட்ட மாதிரி ஒரு மஞ்சள் வெளிச்சம். அடுத்து எஃப்.சி.க்கு வேறு போயாக வேண்டும். 15 வருஷம் தாண்டிய சொந்தக் காருக்கு 5 வருஷத்துக்கு ஒரு தரம் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும் இல்லையா? அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000! இவ்வளவு பணம் கட்டி விளக்கில் ஃபெயிலானால் யாருக்கு நஷ்டம்?

"ஆம்பூர்ல ஒரு பாய் இருக்காரு. அவரு கை வச்சாத்தான் சரியா வரும்" என்றார் பெரியப்பா. கிளம்பினோம். பெரியப்பா, நான், அவருடைய பேரன். பேரன் இன்ஜினீயரிங் படிக்கிறான். அவன் மடியில் ஓர் அட்டைப் பெட்டி. அதற்குள் ஆன்லைனில் வரவழைத்த எல்.இ.டி. ஹெட்லைட் ஜோடி. சுற்றிலும் வெள்ளை வளையம் எரியும், இண்டிகேட்டர் போட்டால் அதே வளையம் மஞ்சளாகும்.

"தாத்தா, இதைப் போட்டா நம்ம வண்டி சும்மா புலி மாதிரி முழிக்கும்!"

"எனக்குப் புலி வேணாம்டா. ரோடு தெரிஞ்சா போதும்."

*

ஜீப்புக்கென்று செய்த விளக்கு அம்பாசடருக்கு எப்படிப் பொருந்தும் என்று நான் நினைத்தேன். ஆனால், பொருந்தும். 1940-ல் அமெரிக்காவில், எந்தக் கம்பெனி காராக இருந்தாலும் ஹெட்லைட் 7 அங்குல வட்டம்தான் என்று முடிவு செய்தார்கள். கண்ணாடி, ரிஃப்ளெக்டர், இழை மூன்றும் ஒரே உருண்டையாக ஒட்டிய 'சீல்டு பீம்'. பல்பு போனால் மொத்த உருண்டையையும் மாற்ற வேண்டும். அந்த 7 அங்குலம் உலகமெல்லாம் பரவியது. அம்பாசடர், பத்மினி, ஜீப், புல்லட் என்று நம் ஊரிலும் அதே அளவு. பின்னால் பல்பை மட்டும் மாற்றுகிற மாடல் வந்தது. 1971-ல் ஐரோப்பாவில் 'எச்4' ஹாலஜன் பல்பு வந்து, டிம்முக்கு 55 வாட், பிரைட்டுக்கு 60 வாட் என்று ஒரே பல்புக்குள் இரண்டு இழை குடித்தனம் நடத்த ஆரம்பித்தது.

பாய் கடை ஒரு வேப்ப மரத்தடி. போர்டு கிடையாது. ஒரு ஸ்டூல், ஒரு பேட்டரி, ஒரு ஹோல்டரில் இரண்டு ஒயர் கட்டிய டெஸ்ட் லாம்ப். அதை வைத்துக்கொண்டு டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைப்பதுபோல் அங்கங்கே தொட்டுப் பார்த்தார். பிறகு டூமைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"டிரைவர் சார்... இதுக்குள்ள இன்னா போட்டுத் தேய்ச்சீங்க?"

பெரியப்பா நெளிந்தார். "விபூதிதான் பாய். வெள்ளிக் குத்துவிளக்குக்கு நல்லாப் பளபளன்னு வரும்..."

ரிஃப்ளெக்டரில் இருக்கிற பளபளப்பு, காற்றை உறிஞ்சிய பெட்டிக்குள் அலுமினியத்தை ஆவியாக்கிப் படிய வைத்த மெல்லிய படலம். விரல் பட்டாலே ரேகை விழும். விபூதி போட்டுத் தேய்த்தால் படலமே கையோடு வந்துவிடும். தூசி படிந்தால் சோப்புத் தண்ணீர் விட்டு அலம்பி, துடைக்காமல் காயவிட வேண்டும். படலம் உரிந்தால் புதுசு வாங்குவதைத் தவிர வழியில்லை. நல்ல வேளையாக 7 அங்குலம் இன்றைக்கும் கடையில் கிடைக்கிற சரக்கு. அதுவும் இந்தக் கால கார் மாதிரி பிளாஸ்டிக் முகப்பு இல்லை, கெட்டிக் கண்ணாடி. வெயிலில் மஞ்சள் பூக்காது. பிளாஸ்டிக் ஹெட்லைட் வைத்திருக்கும் புண்ணியவான்கள் டூத் பேஸ்ட் போட்டுத் தேய்ப்பதாகக் கேள்வி. கொஞ்ச நாள் பளபளக்கும், மறுபடி மஞ்சளாகும். வெயிலைத் தடுக்கிற மேல்பூச்சு மறுபடி அடித்தால்தான் நிற்கும்.

"பாய், பல்பை 100 வாட்டா மாத்திட்டா?" இது நான்.

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சார் இன்னா படிச்சிருக்கீங்க?"

"பி.காம்."

"அப்ப உங்களுக்குப் புரியும். இது டைனமோ வண்டி. வரும்படி இருபது ஆம்பியர் சொச்சம்தான். ரெண்டு பல்பு நூறு நூறு வாட்டுன்னா அதுவே பதினேழு ஆம்பியர் தின்னும். இக்னிஷனுக்கு, பின் லைட்டுக்கு, ஹாரனுக்கு எங்க போறது? ரயில்வே கேட்ல நின்னா டைனமோ இன்னும் கம்மியாக் குடுக்கும். பேட்டரியிலதான் கடன் வாங்கணும்."

அவ்வளவுதான். இதைவிட எளிமையாக எனக்குக் காலேஜில் பட்ஜெட் பாடம் நடத்தியவர் யாரும் இல்லை.

பிறகு பையனைக் கூப்பிட்டு மீட்டர் வைக்கச் சொன்னார். பேட்டரியில் 12.6 வோல்ட். ஹெட்லைட் பல்புக்கு வந்து சேர்ந்தது 10.5. டெல்லியில் ஒதுக்கிய நிதி கிராமத்துக்கு வந்து சேர்கிற கதைதான். நடுவில் 2 வோல்ட்டைச் சாப்பிட்டவர்கள் யார் யார்? முப்பத்தைந்து வருஷத்து ஒயர், தேய்ந்த சுவிட்ச், கிளட்ச் பக்கத்தில் இடது காலால் மிதிக்கிற டிப்பர், துருப்பிடித்த எர்த்.

ஆறில் ஒரு பங்கு வோல்ட் குறைந்தால் வெளிச்சமும் ஆறில் ஒரு பங்குதான் குறையும் என்று காமர்ஸ் மூளை கணக்குப் போடும். இழை பல்பு அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. வோல்ட் கொஞ்சம் இறங்கினால் வெளிச்சம் தடாலென்று விழும். 12.6 இருக்க வேண்டிய இடத்தில் 10.5 வந்தால் ஏறக்குறைய பாதி வெளிச்சம் அவுட்! பெரியப்பா இத்தனை நாள் பாதி விளக்கில்தான் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். பல்பு மேல் பழி.

இதற்கு வைத்தியம் ரிலே. இரண்டு சின்ன டப்பாக்கள், ஒன்று டிம்முக்கு, ஒன்று பிரைட்டுக்கு. அது வந்துவிட்டால் சுவிட்ச் வெறும் மேனேஜர். கையெழுத்து மட்டும் போடும். பணம் நேரே கேஷியரிடமிருந்து, அதாவது பேட்டரியிலிருந்து, தடிமனான புது ஒயர் வழியாக, ஒரு ஃபியூஸோடு பல்புக்குப் போகும். பழைய சுவிட்ச் கருகாமல் இருப்பது கூடுதல் லாபம்.

உங்களிடம் பழைய வண்டி இருந்தால், பல்பு வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். பின்னால் ஒரு இண்டிகேட்டரைப் போட்டதும் பக்கத்துப் பார்க்கிங் லைட்டும் சேர்ந்து கண்ணடித்தால், அது காதல் இல்லை... எர்த் கோளாறு. பாடியில் துருவைச் சுரண்டி போல்ட்டை முறுக்கினாலே முக்கால்வாசி சரியாகிவிடும்.

*

ஆம்பூரின் மகிமை பின் விளக்குகளுக்கு வந்தபோதுதான் தெரிந்தது.

பின் விளக்குக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு ரப்பர் கேஸ்கட் இருக்கும். தண்ணீர் உள்ளே இறங்காமல் காப்பது அதுதான். பெரியப்பா வண்டியில் அது காய்ந்த அப்பளமாக இருந்தது. சென்னை புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். பாய் அலட்டிக்கொள்ளவே இல்லை. இரண்டு தெரு தள்ளி, ஷூவுக்கு சோல் வெட்டுகிற ஒருவரிடம் எங்களை அனுப்பினார்.

அந்த மனிதர் உடைந்த கேஸ்கட் துண்டுகளை ஒரு காகிதத்தின் மேல் ஜிக்ஸா மாதிரி அடுக்கினார். பென்சிலால் ஓரம் வரைந்தார். ஷூவுக்கு பேட்டர்ன் எடுக்கிறவர்களுக்கு இது சும்மா விளையாட்டு. சோல் ரப்பர் ஷீட்டை எடுத்து, கத்தியை ஒரே இழுப்பாக இழுத்தார். வளைவில் கூடக் கை நிற்கவில்லை. நாலு நிமிஷத்தில் இரண்டு கேஸ்கட். "ஜெர்மனிக்குப் போற செருப்பு சோல் சார், தாங்கும்" என்றார். எத்தனையோ தேசத்துக் கால்களுக்குச் செருப்பு வெட்டிய கை, எங்கள் வண்டிக்கும் ஒரு ஜோடி வெட்டிவிட்டது.

சிவப்புக் கண்ணாடி என்று நாம் சொல்கிற பின் லென்ஸ் அசலில் பிளாஸ்டிக். வெயிலில் சாம்பல் பூத்திருந்தது. 1,000, பிறகு 1,500, பிறகு 2,000 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்தான் பாயின் பையன். கடைசிப் பாலீஷுக்கு மறுபடி ஷூக்காரர்தான். ஷூவுக்கு மினுமினுப்பு ஏற்றுகிற பிரஷ் சக்கரத்தில் காம்பவுண்ட் தடவி, மெதுவாகக் காட்டினார். வேகம் கூடினால் சூட்டில் பிளாஸ்டிக் இளகிவிடுமாம். லென்ஸ் மாதுளை முத்து மாதிரி வெளியே வந்தது. பேரனே வாயைப் பிளந்தான்.

ஹெட்லைட்டைச் சுற்றியிருக்கும் குரோம் வளையத்தில் துருப்புள்ளிகள். சமையல் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் போய்விடும், காசு செலவில்லை. 'மறுபடி குரோம் முலாம் பூசலாமா?' என்று பெரியப்பா கேட்டதற்கு பாய் சிரித்தார். "இந்த ஊர்ல வந்து குரோமா கேக்கிறீங்க?"

சிரிப்புக்குக் காரணம் உண்டு. வளையத்தில் மினுக்குகிற அதே குரோமியத்தின் உப்புதான் ட்ரம்முக்குள் ஆட்டுத் தோலை நீல நிறமாக்கிப் பதப்படுத்துகிறது. வளையத்தின் மேல் இருக்கும் குரோம் ஒரு மைக்ரான் கூடத் தேறாது. மண்ணிலும் தண்ணீரிலும் கலந்ததோ கொஞ்சநஞ்சமில்லை. பாலாற்றுக்கு நேர்ந்த கதிக்காக இந்த ஊர்க்காரர்கள் சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். 1996 ஆகஸ்டில் வந்த அந்தத் தீர்ப்பை சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாகப் படிக்கிறார்கள். ராணிப்பேட்டையில் குரோமேட் தயாரித்த தொழிற்சாலை 1990களின் நடுவில் மூடியபோது விட்டுப்போன கழிவு மட்டும் லட்சம் டன்னுக்கு மேல். வளையத்துக்கு மறுபடி முலாம் வேண்டாம் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். "கொஞ்சம் புள்ளி இருந்தா என்ன, எனக்கும்தான் மூஞ்சில இருக்கு."

*

இனி புலிக் கண் விவகாரம். பேரன் பெட்டியைப் பிரித்து நீட்டினான். பாய் மறுக்கவில்லை. பேட்டரியில் ஒயரைத் தொட்டு, எதிரே இருந்த ஒரு பழைய தோல் மண்டியின் சுவரில் அடித்துக் காட்டினார். பால் மாதிரி வெளிச்சம்! பேரன் முகத்தில் அதைவிட வெளிச்சம்.

"தம்பி, டிம்முல வெளிச்சத்தோட மேல் ஓரத்தைப் பாரு. எந்தப் பக்கம் ஏறுது?"

வலது பக்கம் ஏறியது.

"நாம எந்தப் பக்கம் ஓட்டறோம்?"

இடது பக்கம். நம் ஊர் விளக்கில் டிம் வெளிச்சம் இடது ஓரத்தில்தான் மேலே ஏற வேண்டும், நடந்து போகிறவர்கள் தெரிவதற்காக. வலது பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும், எதிரே வருகிறவர் கண் கூசாமல் இருப்பதற்காக. அமெரிக்கா மாதிரி வலது பக்கம் ஓட்டுகிற நாட்டுக்கென்று செய்த விளக்கை இங்கே மாட்டினால் எல்லாம் தலைகீழ். ஓரத்தில் நடக்கிறவர் தெரிய மாட்டார், எதிரே டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் வருகிறவருக்குக் கண் அவிந்துவிடும். இன்று ராத்திரியே உங்கள் வண்டியைச் சுவருக்கு நேரே நிறுத்திப் பாருங்கள். 'வெளிச்சம் ஜாஸ்தி' என்று வாங்கியதில் எத்தனை பேர் வலது பக்கம் ஏறியது வைத்திருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

"சரி பாய், எல்.இ.டி. பல்பு மட்டும் பழைய ரிஃப்ளெக்டர்ல போட்டா?" விடவில்லை பேரன்.

அதுவும் சிக்கல்தான். ரிஃப்ளெக்டரின் வளைவு, இழை இருக்கிற அந்த ஒரு புள்ளிக்காகவே கணக்குப் போட்டுச் செய்தது. வேறு இடத்தில் வெளிச்சம் பிறந்தால் அது கண்ட பக்கம் சிதறும். ஓட்டுகிறவருக்கு 'ஆகா' என்றிருக்கும், எதிரே வருகிறவருக்கு 'ஐயோ' என்றிருக்கும். சட்டமும் சும்மா இல்லை. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை உள்ளே, அல்லது இரண்டுமே. இரண்டு ஹெட்லைட் என்றால் அது ஒரு மாற்றமா, இரண்டு மாற்றமா? ஆடிட்டரைத்தான் கேட்க வேண்டும்!

'அப்ப மஞ்சள் பேப்பராவது ஒட்டலாமே' என்றான். பிரான்ஸில் 1930களின் கடைசியிலிருந்து 1993 வரைக்கும் எல்லா கார்களுக்கும் மஞ்சள் ஹெட்லைட்தான் என்று சட்டமே இருந்தது. பிறகு அவர்களே கைவிட்டுவிட்டார்கள். மஞ்சள் வடிகட்டி இருக்கிற வெளிச்சத்திலும் கொஞ்சத்தை விழுங்கிவிடும். நம் ஊரில் கறுப்புப் பொட்டு வைத்த மாதிரி. ஹெட்லைட் நடுவில் கறுப்பு பெயின்ட் அடித்துவிடுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? கூசுகிற விளக்குக்குத் திருஷ்டிப் பொட்டு! விளக்கின் கோணம் தப்பாக இருந்தால் பொட்டு வைத்து என்ன பயன்?

கோணத்துக்குத்தான் பாய் சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தார். இருட்டியதும் அதே சுவருக்கு 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தினார். தரையிலிருந்து விளக்கின் நடு உயரத்தை அளந்து, அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு. அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. டிம் வெளிச்சத்தின் மேல் ஓரம் கீழ்க்கோட்டைத் தொட வேண்டும். என்னையும் பேரனையும் பின் சீட்டில் உட்காரச் சொன்னார். பழைய பட்டை ஸ்பிரிங், ஆள் ஏறினால் பின்பக்கம் இறங்கி மூக்கு வானத்தைப் பார்க்குமாம். ஆளோடு சேர்த்துத்தான் கோணம் வைக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து ஷிஃப்ட் விட்டது. சுவரோரமாக ஷூ கம்பெனிப் பெண்கள் வரிசையாக வர ஆரம்பித்தார்கள். வெளிச்சம் பட்டதும் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார்கள்.

"இன்னாண்ணா, சினிமா காட்றீங்களா?" என்றது ஒரு குரல்.

"அம்மா, ஒரு நிமிசம் அப்படியே நில்லுமா. கண்ணு கூசுதா சொல்லு" என்றார் பாய், திருப்புளியை ஸ்குரூவில் வைத்தபடி.

"கூசுது... இன்னும் கூசுது..."

ஒரு திருகு.

"இப்ப இல்லண்ணா. முட்டிக்குக் கீழதான் அடிக்குது. என் செருப்பு தெரியுது."

"போதும். நீ போம்மா."

கூட வந்தவர்கள் எல்லோரும் குனிந்து தங்கள் தங்கள் செருப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்கள். பகல் முழுக்க அடுத்தவர் காலுக்கு ஷூ தைத்துவிட்டு வருகிறவர்கள்.

பில் மூவாயிரத்துச் சொச்சம். ரிலே, ஒயர், புது டூம் ஜோடி, எச்4 பல்பு, பின்னால் ஒட்ட இரண்டு சிவப்பு ரிஃப்ளெக்டர், கூலி. கேஸ்கட் வெட்டியவர் டீக்கு மேல் எதுவும் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். எல்.இ.டி. பெட்டி பேரன் மடியிலேயே திரும்பியது.

திரும்பும்போது பெரியப்பா வேண்டுமென்றே பேர்ணாம்பட்டு, குடியாத்தம் வழியாகச் சுற்றிக்கொண்டு ஓட்டினார். ரோட்டோரத்துப் புளியமரத்தின் பட்டை தெரிந்தது. இடது ஓரத்தில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்த ஒருவர் நல்ல தூரத்திலேயே முழுசாகத் தெரிந்தார். எதிரே லாரி வந்தபோதெல்லாம் பெரியப்பாவின் இடது கால் தானாக டிப்பரை மிதித்தது. பாதி லாரிகள் பதிலுக்கு டிம் அடித்தன. மீதிப் பாதியின் முதுகிலும் 'யூஸ் டிப்பர் அட் நைட்' என்றுதான் எழுதியிருந்தது. (இந்த வாசகம் லாரிக்காரர்களிடம் எவ்வளவு பிரபலம் தெரியுமா? 2016-ல் டாடா மோட்டார்ஸ் அவர்களுக்கென்று 'டிப்பர்' என்ற பெயரிலேயே ஆணுறை கொண்டுவந்தது. நிஜமாக!)

அடுத்த வாரம் எஃப்.சி. இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்தார். பிரைட், டிம், இண்டிகேட்டர், பிரேக் லைட், நம்பர் பிளேட் லைட் எல்லாவற்றையும் போடச் சொல்லிப் பார்த்தார். பேனாவைத் திறந்தவர் கூரையைப் பார்த்து நிறுத்தினார்.

"மேல இன்னா பெரியவரே, கறுப்பா, வட்டமா?"

"ஓட்டை சார். எம்-சீல் நிக்கல. அதான் ஷூ சோல் வெட்டி அடைச்சுட்டேன்."

இன்ஸ்பெக்டர் எட்டிக் கையால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார்.

"எங்க வெட்டினீங்க? என் ஜீப்புக்கும் ஒண்ணு வேணும்."